இடிக்குப் பிடுங்கிய வயர்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 5:10க்கு எழுந்தேன். பல் விளக்கிவிட்டு, முதல் நாள் நாட்குறிப்பில் விட்டுப்போன ஒரு வரியைச் சேர்த்தேன்: மாலை 5:25, கிழக்கே இடி, மழை இல்லை. 5:35க்குப் பால் வந்தது. 5:45க்குக் காபி. என் கணவர் அதற்கு முன்பே கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரவேண்டும். இரண்டு குடங்களையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மையும் கழுவிக் குழாயடியில் வைத்தேன். 6:00, வரவில்லை. 6:10, காற்று மட்டும் வந்தது. 6:20, காற்றும் நின்றது.

எங்கள் ஊர் பாகூருக்கும் மணப்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டி. அதை ஏற்றுவதும் திறப்பதும் ஐம்பத்திரண்டு வயதான ஓர் ஆபரேட்டர். ஊரில் எல்லோருக்கும் அவர் தொட்டிக்காரர். பதினோரு வருடமாக அவர் மோட்டாரைக் கையால் போட்டுக்கொண்டிருந்தார், தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. இது யாருக்கோ பொறுக்கவில்லை. பிப்ரவரியில் தொட்டியை அறிவுள்ள தொட்டியாக மாற்றினார்கள். அதாவது, தொட்டியின் அடியில் பீரோ மாதிரி ஒரு இரும்புக் கூண்டு வைத்து, அதற்குள் ஒரு பெட்டியை வைத்துப் பூட்டினார்கள். ஆபரேட்டர் கூண்டின் வெளியே இருக்கும் பட்டன்களில் தன் நான்கு இலக்க எண்ணை அடிக்க வேண்டும். பெட்டி மோட்டாரைப் போடும். தொட்டிக்குள் தொங்கும் சென்சார், கூண்டின் வெளிப்பக்கம் செருகிய வயர் வழியாக, தண்ணீர் மட்டத்தைச் சொல்லும், நிறைந்ததும் பெட்டியே மோட்டாரை நிறுத்தும். யார் எத்தனை மணிக்கு மோட்டாரைப் போட்டார் என்று பதிவு அனுப்பும். பழைய கை சுவிட்சைச் சீல் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியில்தான் எனக்கு வேலை. மூலக்குளத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. திங்களும் வியாழனும் ஆபீஸ், மற்ற நாட்களில் வீட்டிலிருந்து. எனக்கு வயது நாற்பத்தேழு. நான் பார்ப்பது பெட்டிக்குள் ஓடும் இயக்கமுறைமையின் அடித்தட்டு நிரல், அதாவது கர்னல். மற்ற நிரல்களுக்கு நினைவகத்தைப் பிரித்துக் கொடுப்பதும் வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. இருபத்து மூன்று வருடமாக இதைச் செய்கிறேன். ஊரில் கேட்டால் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பார்கள். அது இல்லை என்று அவர்களைத் திருத்துவதை 2009இல் நிறுத்திவிட்டேன்.

6:30க்குத் தொட்டிக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரி குடத்தைத் தரையில் ஓங்கி வைத்தாள்.

"இன்னா தொட்டிக்காரரே, இப்பதான் எழுந்து வரியா? ராத்திரி இன்னா படம்?"

"நாலே முக்காலுக்கு வந்து நிக்கிறேன்மா. பட்டன அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சி போச்சி. மிஷினு கம்முனு கெடக்குது."

"ஆளுக்கேத்த மிஷினு. அதுக்கும் தூக்கம்."

அவர் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். தொட்டிகளைப் பராமரிக்கும் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் முதல் நாள் மாலை கொடுத்த மெமோ. ஜூன் 24, ஜூலை 4 ஆகிய இரண்டு நாட்களிலும் காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட்டதாகப் பதிவு இல்லை. ஆகவே ஆபரேட்டர் வேலைக்கு வரவில்லை. 10ஆம் தேதி காலை பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் வேறு ஆள் போடப்படும். இன்று அதே மாதிரி மூன்றாவது நாள்.

"உங்க கம்பெனி பெட்டிதானம்மா. நீயே சொல்லு, நான் வரலியா?"

அந்த 'ஆகவே'யைப் பாருங்கள். பெட்டி செத்துக் கிடந்தால் அது எதையும் பதிவு செய்யாது. பதிவு இல்லாவிட்டால் ஆள் வரவில்லை. பெட்டி செத்ததற்கு ஆபரேட்டர் வராததே காரணம் என்று இன்னும் யாரும் எழுதவில்லை. அதுவும் வரும் என்று நினைத்தேன், வந்தது.

முதல் இரண்டு முறையும் நான் ஆபீஸ் நாளில் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தேன். திரும்பி வருவதற்குள் சூப்பர்வைசர் கூண்டைத் திறந்து பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டார். அணைத்தால் நினைவகத்தில் இருந்தது எல்லாம் போய்விடும். சாவு எதனால் என்று தெரியுமுன் பிணத்தை எரித்த மாதிரி. இந்த முறை செவ்வாய்க்கிழமை. கம்பெனி ஆள் என்பதால் கூண்டின் சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. மடிக்கணினியையும் ஒரு கேபிளையும் எடுத்துக்கொண்டு 6:50க்குத் தொட்டியடிக்குப் போனேன்.

பெட்டியை அணைக்காமல் கேபிளைச் செருகினேன். அது சாகுமுன் எழுதிவைத்த கடைசி வரிகள் திரையில் இருந்தன. நேரம் 4:07. நினைவகம் தீர்ந்துவிட்டது. அப்படித் தீர்ந்தால் கர்னல் ஓடும் நிரல்களில் பெரியதாகப் பார்த்து ஒன்றைக் கொல்லும், இடம் கிடைக்கட்டும் என்று. இங்கே அது கொன்றது மோட்டாரை ஓட்டும் நிரலை. அதன் கையில் இருந்தது வெறும் ஆறு எம்பி. கீழே இருந்த பட்டியலைப் பார்த்தேன். பெட்டியின் மொத்த நினைவகம் 128 எம்பி. அதில் எழுபத்தைந்துக்கு மேல், இரண்டு கேபி இரண்டு கேபியாக, கர்னலே எடுத்து வைத்திருந்தது. கர்னல் தன்னைச் சந்தேகப்படாது. அதற்கு அந்தப் பழக்கம் இல்லை.

இதற்குத் தொழிலில் நினைவகக் கசிவு என்று பெயர். அந்தப் பெயரே எனக்குப் பிடிக்காது. கசிவு என்றால் வெளியே போக வேண்டும், எங்காவது ஈரம் தெரிய வேண்டும். இதில் எதுவும் வெளியே போவதில்லை. நினைவகத்தில் ஒரு துண்டை வாங்கின நிரல் அதை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துவிடுகிறது. யாருக்கும் பயன்படாமல், யாராலும் திரும்பக் கொடுக்க முடியாமல் அது உள்ளேயே கிடக்கும். கசிவைவிடக் கேவலமான காரியம்.

எல்லாவற்றையும் மடிக்கணினியில் நகலெடுத்து முடித்தபோது 8:40. சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். முப்பது வயது இருக்கும், கூலிங் கிளாஸ், கையில் சாவிக்கொத்து.

"மேடம், நீங்க இன்னாத்துக்கு இங்க? ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடும்."

"ஏன் நின்னு போவுதுன்னு பாக்க வந்தேன்."

"அதான் வந்துடுதே மேடம். மிஷின்ல கோளாறு இருந்தா ஆன் பண்ணாலும் வராதில்ல? அப்ப மிஷினு நல்லாதான் கீது. ஆளுதான் கோளாறு."

தொட்டிக்காரர் இரண்டடி தள்ளி நின்றார். "நான் உன் எதுரதான் நிக்கிறேன் சார். வந்திருக்கேன், பாரு."

"இப்ப வந்தியா, நாலே முக்காலுக்கு வந்தியா, எனக்கு இன்னா தெரியும்? பதிவுல இல்ல." அவர் தன் கைபேசியை எடுத்து என் முகத்தருகே நீட்டினார். "இத பாருங்க மேடம். உங்க ஆப்புதான். நம்ம தொட்டி. பச்சையா இருக்குது பாருங்க."

பார்த்தேன். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. பெட்டி எங்கள் முன்னால் நாலரை மணி நேரமாகச் செத்துக் கிடந்தது. பெட்டியிலிருந்து செய்தி வராவிட்டால் கடைசியாக வந்த நிலையையே காட்டு என்று எங்கள் ஆபீஸில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். சிவப்புப் புள்ளிகள் அதிகமானால் வாடிக்கையாளர் பயப்படுவாராம்.

"அப்ப ரெண்டு நாளும் பெட்டி நல்லா இருந்துச்சா?"

"பச்ச மேடம். ரெண்டு நாளும் பச்ச. இவரு வந்து பட்டன அமுக்கிருந்தா ஓடிருக்கும். அமுக்காததாலதான் அது சும்மா இருந்து இருந்து நின்னு போவுது."

நான் சொன்னேனே, வரும் என்று.

"பெட்டிலதான் தப்புன்னு கம்பெனி எழுதிக் குடுத்தா மெமோவ திரும்ப வாங்கிப்பியா?"

"குடுங்க மேடம். காரணத்தோட எழுதி, கையெழுத்து போட்டு குடுங்க. நாளைக்கு பத்து மணி. எனக்கு மட்டும் இன்னா, இவரு மேல கோவமா?"

அவர் பெட்டியை அணைத்துப் போட்டார். 8:52க்கு மோட்டார் ஓடியது. நான் வீட்டுக்கு நடக்கும்போது என் முதுகுக்குப் பின்னால், "பாத்தியா, ரெண்டு நிமிஷம்," என்று அவர் தொட்டிக்காரரிடம் சொல்வது கேட்டது.

9:05க்கு எங்கள் குழுத் தலைவரைக் கைபேசியில் அழைத்தேன். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். நினைவகம் தீர்ந்த விஷயத்தைச் சொன்னேன்.

"ஓ, லீக்கா மேம்? நோ இஷ்யூ. தினமும் நைட்டு ரெண்டு மணிக்கு ஒரு ரீபூட் வச்சிடலாம். தானா ஆஃப் ஆகி ஆன் ஆயிடும். கஸ்டமருக்குத் தெரியவே தெரியாது."

"எங்க தப்புன்னு பாக்க வேணாமா?"

"பாக்கலாம் மேம், ஆனா லேப்ல ஒரு பெட்டி நாலு மாசமா ஓடுது. ஒரு எம்பி கூட குறையல. உங்க ஊர்லதான் வருது. சைட் இஷ்யூவா இருக்கும்."

இந்தத் தொழிலில் ஐம்பது நிமிடம் யோசித்தவனும் ஐந்து வருடம் யோசித்தவனும் கடைசியில் வந்து சேரும் இடம் இந்த இரவு ரீபூட். எந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் உள்ளே ஒன்று இருக்கும். வீட்டைக் கூட்ட மாட்டேன், தினமும் வேறு வீட்டுக்குக் குடிபோகிறேன் என்பவர்களை எப்படித் திட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

9:20க்கு வேலையை ஆரம்பித்தேன். என்னிடம் வீட்டில் சோதனைக்கு அதே மாதிரி ஒரு பெட்டி உண்டு. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, அதில் சென்சாரைத் தொங்கவிட்டேன். கர்னலிலேயே கசிவைப் பிடிப்பதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. அதைச் சேர்த்துக் கட்டினால் எல்லாம் மெதுவாகும் என்பதால் யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்துக் கட்டினேன். முப்பத்தெட்டு நிமிடம் ஆயிற்று. அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவகம் முழுவதையும் துழாவி, வாங்கியவர் மறந்துவிட்ட துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கும். கிடந்தால், அதை வாங்கியது நிரலின் எந்த வரி என்பது வரை சொல்லிவிடும்.

10:10, ஒன்றுமில்லை. 10:20, ஒன்றுமில்லை. தாளில் கோடு போட்டு நேரத்தையும் எண்ணையும் எழுதிக்கொண்டே வந்தேன். 11:30க்குச் சோறு வைத்தேன். 12:40க்கு என் கணவர் வயலிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, மேசையைப் பார்த்தார்.

"இன்னாது, வாளிக்குக் கம்ப்யூட்டரா?"

"தண்ணி எவ்ளோ இருக்குதுன்னு பாக்குது."

"எட்டிப் பாத்தா தெரியுதே."

"உனக்குத் தெரியும். கொம்யூனுக்குத் தெரிய வேணாமா?"

அவர் சாப்பிட உட்கார்ந்தார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸுக்கு எது தெரிய வேண்டும் எது தெரிய வேண்டாம் என்பது பற்றி அவருக்குப் பல கருத்துகள் உண்டு. அன்று அவற்றைக் கேட்க எனக்கு நேரம் இல்லை.

2:30 வரை இருபத்தேழு முறை துழாவியது. இருபத்தேழு முறையும் பூஜ்யம். மேசையின் மேல் எதுவும் தவறவில்லை. இடையில் குழுத் தலைவர் ஒரு செய்தி அனுப்பினார்: "சொன்னேன்ல மேம், சைட் இஷ்யூ." கூடவே ஒரு சிரிக்கும் முகம். 

2:40க்குத் தெற்கே இடி இடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். தொட்டிக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். மோட்டார் போட நாலு மணி ஆக வேண்டும். ஜன்னலிலிருந்தே கூப்பிட்டேன்.

"அண்ணே, எங்க இந்த நேரத்துல?"

"இடி இடிக்குதும்மா. வயரப் புடுங்கணும்."

"எந்த வயரு?"

"தொட்டிக்குள்ள போவுதே, சென்சாரு வயரு. மூணு வருசம் முன்ன தென்ன மரத்துல இடி உழுந்து ஸ்டார்ட்டரு எரிஞ்சி போச்சே, நெனவில்ல? ஊரே என்னத் திட்டிச்சி, புடுங்கி வெச்சிருக்கலாமில்லன்னு. அதுலேந்து இடின்னா எந்த வயரா இருந்தாலும் புடுங்கிடுவேன். வூட்டுல டிவிக்குப் புடுங்கறதில்ல?"

"புடுங்கிட்டு எப்ப மாட்டுவ?"

"சாயங்காலம் தண்ணி வுட்ட அப்புறம் இடிச்சா காலைலதான். ராத்திரில அதுக்கு இன்னா வேல?"

அவர் போய்விட்டார். நான் நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜூன் 23 மாலை, இடி. ஜூலை 3 மாலை, இடியும் தூறலும். ஜூலை 8 மாலை 5:25, இடி. செத்த காலைகள் 24, 4, 9.

மேசைக்கு வந்து வாளியிலிருந்து போகும் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். திரையில் எந்தச் செய்தியும் இல்லை. சென்சார் காணோம் என்று பெட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மிச்சமிருக்கும் நினைவகம் நொடிக்கு இரண்டு கேபி குறைந்தது. நிமிடத்துக்கு நூற்றிருபது. கணக்குப் போட்டேன். மாலை ஐந்தரைக்குப் பிடுங்கினால் எழுபத்தைந்து எம்பி தீர விடிகாலை நாலு மணி தாண்டும். தொட்டியில் செத்த நேரம் 4:07. மூலக்குளம் ஆபீஸ் லேபில் இருக்கும் பெட்டியின் சென்சார் வயருக்குச் சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள்: தயவுசெய்து கழற்றாதீர்கள். நாலு மாதம் அது நன்றாகத்தான் ஓடும்.

3:00 மணித் துழாவலில் ஆயிரத்துக்கு மேல் துண்டுகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றையும் வாங்கியது ஒரே வரி. சென்சாரைத் தேடும் நிரலில், தேடுவதற்கு முன் இரண்டு கேபி வாங்கும் வரி அது. சென்சார் கிடைத்தால் அந்தத் துண்டு பயன்படும். கிடைக்காவிட்டால் திரும்பக் கொடுத்துவிட்டு, ஒரு நொடி கழித்து மறுபடி தேட வேண்டும். திரும்பக் கொடுக்கும் வரிகள் கீழே எழுதப்பட்டிருந்தன. ஆனால் அவற்றுக்குப் போகும் வழி இல்லை. மேலேயே, பாதியில், வெளியேறு என்று இருந்தது.

ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற வரலாறு எங்களிடம் இருக்கிறது. அந்த வெளியேறு மே 16 அன்று வந்தது. காரணம் என்று எழுதியிருந்தது: "தேவையற்ற பிழைச் செய்தியை நீக்குதல்." அதாவது, அதற்கு முன் சென்சார் காணாவிட்டால் பெட்டி ஒவ்வொரு நொடியும் 'சென்சார் இல்லை' என்று கத்திக்கொண்டிருந்தது. பதிவு முழுக்கப் பிழை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் புகார் சொன்னார். எங்கள் ஆள் ஒருவர் அந்தச் செய்தியை எடுத்தார். எடுக்கும்போது, செய்திக்கு அடுத்ததாக இருந்த, திரும்பக் கொடுக்கப் போ என்ற வரியையும் சேர்த்து எடுத்துவிட்டு, சுருக்கமாக வெளியேறு என்று போட்டார். புகார் தீர்ந்தது. பெட்டி அன்றிலிருந்து வாயைத் திறக்காமல் செத்தது. வலிக்கிறது என்று சொன்னவனின் வாயைத் தைத்துவிட்டு, வலி நின்றுவிட்டது என்று எழுதிக்கொள்வதை எங்கள் தொழிலில் தரமேம்பாடு என்கிறார்கள்.

அந்தத் திருத்தத்தை எழுதியவரை இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன். அவர் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. எந்தத் திருத்தத்தையும் இரண்டாவது ஆள் ஒருவர் படித்துப் பார்த்து, சரி என்று தன் பெயரைப் போட்டால்தான் உள்ளே போகும். பார்த்துச் சரி என்றவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

மே 16 வியாழன். நாட்குறிப்பை எடுத்தேன். "காலை 11:20 முதல் 11:50 வரை திருத்தங்கள் பதினொன்று பார்த்தேன். எல்லாம் சின்னவை. மதியம் எலுமிச்சை சோறு." அரைமணியில் பதினொன்று. ஒன்றுக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. நான் இருபத்து மூன்று வருடமாக மற்றவர்களிடம், நீக்கிய வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும், சேர்த்த வரிகளை அல்ல என்று சொல்லிவருகிறேன். எலுமிச்சை சோற்றைக் குறித்துவைக்க மட்டும் எனக்கு நேரம் இருந்திருக்கிறது.

திருத்துவது ஒரு வரி. நான்கு நிமிடம். பெட்டி கத்த வேண்டிய செய்தியையும், நொடிக்கு ஒருமுறை அல்லாமல் முதல் தடவை மட்டும் வருவதாகத் திரும்ப வைத்தேன். வயரைப் பிடுங்கியே ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு கேபி குறையவில்லை. 4:55க்குத் தொட்டியடிக்குப் போய்ப் புதிய கர்னலைப் பெட்டியில் ஏற்றினேன். 5:15க்குக் குழுத் தலைவரை அழைத்து, காரணத்தைச் சொல்லி, கம்பெனி தாளில் கடிதம் வேண்டும் என்றேன்.

"சூப்பர் மேம்! ஃபிக்ஸ் இன்னிக்கே எல்லா சைட்டுக்கும் அனுப்பிடலாம். ஆனா லெட்டர்ல நம்ம தப்புன்னு போக வேணாமே. 'களச் சூழல் காரணமாக'ன்னு போட்டுக்கலாம்."

"களச் சூழல்னா என்ன? இடியா, இல்ல பாக்காம விட்ட என் கண்ணா?"

"மேம், நீங்க எமோஷனல் ஆகுறீங்க."

"நான் பார்த்துச் சரி சொன்ன திருத்தம் அது. என் பேர் அதுல இருக்கு. கம்பெனி தாள் வேணாம், வெள்ளத் தாள்ல எழுதி என் கையெழுத்த போட்டுக்கறேன். நாளைக்கு யாராவது கேட்டா களச் சூழல்னு நீங்க சொல்லிக்கங்க."

அதற்கு அவர், கம்பெனி தாளிலேயே எழுதிவிடுங்கள், எனக்கு ஒரு நகல் மட்டும் போடுங்கள் என்றார். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டவும் எனக்கு மனம் இல்லை.

5:40க்குத் தொட்டிக்காரர் வந்தார். அதற்குள் மறுபடி இடித்திருந்தது. வரும் வழியிலேயே வயரைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். பெட்டியின் பிழை, தேதிகள், செத்த நேரம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு இடத்தில் கையை உயர்த்தினார்.

"அந்த வரி வேணாம்மா."

"எந்த வரி?"

"இடி இடிச்சா ஆபரேட்டரு வயரப் புடுங்கினாருன்னு போட்டிருக்கியே, அது. நான் வேலைக்கு வரலன்னு மெமோ. நீ எழுதறது, வந்தான், வந்து வயரப் புடுங்கினான்னு. இன்னும் நல்லா மாட்டிப்பேன்."

"புடுங்கினது தப்பில்லண்ணே. பெட்டி அதத் தாங்கணும். அதத்தான் எழுதியிருக்கேன்."

"அந்த சூப்பர்வைசரு முழுசா படிப்பான்னு நெனைக்கிறியா? வயரப் புடுங்கினாருன்னு இருக்குதா, அத்தோட மடிச்சிடுவான். பெட்டி கெட்டுப் போச்சின்னு மட்டும் போடு."

"மத்த தொட்டில ஏன் கெடலன்னு கேப்பான். ஒரு காரணமும் இல்லாம கெட்டுதுன்னு எழுதினா எவன் நம்புவான்? காரணத்தோடதான் கேட்டிருக்கான்."

"உனக்கு இன்னாம்மா, உன் வேல போவாது."

 அவர் சொன்னது உண்மை. அரைமணியில் பதினொரு திருத்தம் பார்த்ததற்கு எனக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை, கொடுக்கவும் போவதில்லை. அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். களச் சூழல் என்பதைப் போலவே இருந்தது. திரும்பச் சேர்த்தேன். அவர் முகத்தைப் பார்த்து மறுபடி எடுத்தேன். உங்கள் வேலை, நீங்களே முடிவு சொல்லுங்கள், காலையில் அச்செடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் 6:10க்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். 7:30க்குச் சாப்பாடு. 9:30க்குப் படுத்தேன்.

ஜூலை 10, புதன்கிழமை. காலை 5:05க்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். தொட்டிக்காரர் சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலை ஊன்றி நின்றார்.

"ஓடுதும்மா. ஒரே அமுக்கு. ராத்திரி பூரா வயரு வெளியதான் கெடந்துது, காலைல வந்து மாட்டிட்டு அமுக்கினேன், ஓடுது."

"நல்லது."

"அந்த வரிய எழுதிக்கோ. புடுங்கினேன்னே எழுது. அவன் கேட்டா, இதோ நேத்தும் புடுங்கினேன், ஓடுதே, பாருன்னு சொல்லிக்கிறேன். இடிக்குப் புடுங்காம இன்னா பண்ணுவாங்க?"

பல் விளக்கவில்லை, பாலுக்குப் பாத்திரம் எடுத்து வைக்கவில்லை. முதல் வேலையாக மேசைக்குப் போய் அந்த வரியைச் சேர்த்தேன். அதற்குக் கீழே, இந்தப் பிழையான திருத்தத்தைப் பார்த்துச் சரி என்றவள் நான் என்று ஒரு வரி. இரண்டு பிரதி அச்செடுத்து, இரண்டிலும் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு, வாசலில் நின்றவரிடம் கொடுத்தேன்.